விடய ஆய்வில் மறுதரப்பு: பிரயோக வணிகக் கல்வியின் கதையிலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

முகாமைத்துவக் கற்கையிலே நான்காண்டுகளைக் கழிக்கும் மாணவனொருவன் வாசிக்கும் கதைகள், தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவன் வாசிக்கும் கதைகளிலும் தொகையிற் குறைந்தனவாக இரா. வேறுபாடு யாதெனின், முன்னவன் தான் வாசிப்பவை கதைகள் என்பதை உணர்வதில்லை. அவற்றுக்கு விடய ஆய்வு என்று பெயர். அவற்றிலே பாத்திரங்கள் உளர். களமும் காலமும் உள. முரண் தோன்றி வளர்கிறது. ஒரு தீர்மானத்தின் வாயிலிலே வந்து கதை நிற்கிறது. சிறுகதைக்கு இலக்கணங் கூறுவோர் எடுத்துரைக்கும் உறுப்புக்களுள் இவற்றில் இல்லாதது எதுவுமில்லை எனலாம். எனினும், தமிழிலக்கியத் திறனாய்வு இவற்றைத் தனக்குரிய பொருளாகக் கருதியதில்லை. வணிகத் துறையினரும் தமது பாடநூலிலுள்ள கதையைத் திறனாய்வாளன் ஒருவன் வந்து தொடுவான் என்று எதிர்பார்ப்பதில்லை.

பிரயோக வணிகம் என்னும் தொடர் ஒரு வாக்குறுதியைத் தன்னுட் கொண்டது. வகுப்பிற் கற்பது வாழ்விற் பயன்படும் என்பதே அது. அவ்வாக்குறுதி நிறைவேறும் இடம் விரிவுரையுமன்று, சூத்திரமுமன்று. விடய ஆய்வும், அதனைத் தொடர்ந்து இறுதியாண்டில் வரும் உள்ளகப் பயிற்சியுமே அதற்குரிய இடங்கள். ஆகவே, இக்கல்வி யாருடைய வாழ்விற் பிரயோகிக்கப்படுகிறது, யாருடைய கண்ணால் அவ்வாழ்வு நோக்கப்படுகிறது என்னும் வினாக்களுக்கு அக்கதைகளின் உருவத்திலேயே விடை தேடப்படல் வேண்டும்.

இவ்வுருவத்தின் தோற்றம் சுவையானது. அது வணிகத்திற் பிறந்ததன்று, சட்டத்திற் பிறந்தது. 1870இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் பீடாதிபதியாகிய கிறிஸ்தோபர் லாங்டெல், விதிகளை ஒப்புவிக்கும் முறையை விடுத்து, தீர்க்கப்பட்ட வழக்குகளை வாசித்து அவற்றிலிருந்து விதியை உய்த்துணரும் முறையைப் புகுத்தினார். அதே பல்கலைக்கழகத்தில் 1908இல் வணிகக் கல்லூரி தோன்றியபோது, இம்முறையை அங்குங் கையாளலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1919இல் வணிகக் கல்லூரியின் பீடாதிபதியாக வந்த வலஸ் டொனம் சட்டம் பயின்றவர். வங்கித் தொழிலில் இருந்தவர். அவர் காலத்திலேதான் விடய ஆய்வு அக்கல்லூரியின் முதன்மையான போதனைமுறையாயிற்று. ஆயின் இங்கே ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. வணிகத்துக்கு நீதிமன்றமில்லை. எனவே தீர்ப்புத் தொகுதிகளும் இல்லை. சட்ட மாணவனுக்கு வழக்குகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. வணிக மாணவனுக்கு அவை புதிதாக எழுதப்பட வேண்டியிருந்தன. ஆய்வாளர்கள் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டனர். நிறுவனத்தின் அனுமதியோடு, நிறுவனத்தார் கூறியவற்றைக் கொண்டு, நிறுவனத்தின் பிரச்சினை எழுதப்பட்டது.

இடப்பெயர்வில் இழக்கப்பட்டது யாது என்பதை இங்கே நின்று நோக்குதல் தகும். வழக்கொன்றிலே இரு தரப்பினர் உளர். வாதியின் கூற்றும் பிரதிவாதியின் கூற்றும் ஏட்டிலே பதியப்படுகின்றன. தோற்றவன் என்ன சொன்னான் என்பதைத் தீர்ப்பை வாசிக்கும் மாணவன் அறிந்தே ஆகவேண்டும். அன்றேல் தீர்ப்பு விளங்காது. வணிகத்துக்குப் பெயர்க்கப்பட்டபோது இவ்வுருவம் மறுதரப்பைக் கைவிட்டது. முகாமையாளர் ஒருவரே வாதி, அவரே நீதிபதி, மாணவன் அவருடைய நாற்காலியில் அமர்ந்து சிந்திக்குமாறு கேட்கப்படுகிறான். ஹார்வர்டில் எழுதப்பட்ட முதலாவது விடய ஆய்வென வழங்குவது, 1921இல் ஒரு பாதணி நிறுவனத்தைப் பற்றி எழுந்த ஜெனரல் ஷூ கம்பனி என்பதாகும். வேலைநேரம் முடியுமுன்னரே தொழிலாளர் வேலையை நிறுத்திவிடுகின்றனர் என்பது அதன் பிரச்சினை. விடய ஆய்வு பிறந்தபோதே தொழிலாளி அதிற் பிறந்துவிட்டான். ஆனாற் பிரச்சினையாகவே பிறந்தான்.

இக்கதைகளின் வாய்பாடு பெரும்பாலும் ஒன்றே. மாலைப்பொழுது. உயர் அலுவலர் ஒருவர் மேசைமீதுள்ள அறிக்கையை நோக்கியபடி இருக்கிறார். மறுநாட் காலையிற் பணிப்பாளர் சபை கூடும். அதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வரவேண்டும். பின்னர் கதை பின்னோக்கிச் சென்று நிறுவனத்தின் வரலாற்றையும், தொழிற்றுறையின் இயல்பையும், போட்டியாளரையும் கூறுகிறது. இறுதியில் அட்டவணைகள். முடிவு கூறப்படுவதில்லை. உண்மையில் என்ன நடந்தது என்பதை ஆசிரியர் அறிவார், வாசகன் அறியான்.

இதனை இகழ்தற்கில்லை. முடிவைச் சொல்லாது நிறுத்தும் துணிவு எத்தனையோ தமிழ்ச் சிறுகதைகளுக்கு வாய்க்கவில்லை. கடைசிப் பத்தியிலே அறத்தை எடுத்தோதும் பழக்கத்திலிருந்து இவ்வுருவம் தொடக்கம் முதலே விடுபட்டது. முற்றுப்பெறாத தகவல்களோடு முடிவெடுக்கும் ஆற்றலை இது வளர்க்கிறது என்று அதன் ஆதரவாளர் கூறுவது பொய்யன்று. விரிவுரையைக் குறிப்பெடுத்துப் பரீட்சையில் திருப்பி எழுதும் வழக்கத்தில் ஊறிய இந்நாட்டு வகுப்பறைக்கு, ஒரு கேள்விக்கு இருபது மாணவர் இருபது விடை கூறலாம் என்னும் எண்ணமே பெரும் விடுதலையாகும். குறை உருவத்தின் திறந்த முடிவில் இல்லை. அதன் நோக்குநிலையிலேதான் உள்ளது.

பிரயோகம் என்னுஞ் சொல்லும் ஒரே பொருளில் நிலைத்து நின்றதன்று. தொடக்ககால வணிகக் கல்லூரிகள் தொழிற்பயிற்சிக் கூடங்களை ஒத்திருந்தன. 1959இல் அமெரிக்காவிலே போர்ட் நிறுவகத்தின் சார்பிற் கோர்டனும் ஹவலும், கார்னகி நிறுவகத்தின் சார்பிற் பியர்சனும் வெளியிட்ட இரு அறிக்கைகள் அக்கல்லூரிகளின் புலமைத்தரம் தாழ்ந்ததென்று கண்டித்தன. அதன் பின்னர் கணிதமும் பொருளியலும் உளவியலும் முன்வந்தன. அடுத்து வந்த தலைமுறை, பட்டதாரிக்குக் கோட்பாடு தெரியும், வேலை தெரியாது என்று முறையிட்டது. அம்முறைப்பாட்டின் விடையாகவே பிரயோகம் என்ற அடைமொழி மீண்டும் வந்து சேர்ந்தது. தெற்காசியாவிலே 1961இல் நிறுவப்பெற்ற அகமதாபாத் இந்திய முகாமைத்துவ நிறுவகம் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு விடய ஆய்வு முறையைக் கைக்கொண்டு, இந்திய நிறுவனங்களைப் பற்றிய விடய ஆய்வுகளையும் எழுதுவித்தது. பெயர்கள் இந்தியப் பெயர்களாயின, நாற்காலி மாறவில்லை.

இந்நாட்டிலே, குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும், இவ்வுருவம் வந்து சேரும்போது அதன் நோக்குநிலை உண்டாக்கும் முரண் மேலுங் கூர்மையடைகிறது. விடய ஆய்வின் உலகிலே நிகழ்ச்சிகளுக்குக் காரணம் தீர்மானம். நல்ல தீர்மானம் இலாபத்தையும் தீய தீர்மானம் நட்டத்தையும் தருகின்றன. அரசு, போர், சட்டம், நாணயம் ஆகியன எல்லாம் “சூழல்” என்னும் ஒரு பெட்டியுள் அடைக்கப்படும். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழினுட்பம் என நான்கு கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதினால் மதிப்பெண் உண்டு. கதைப்பின்னல் இங்கே நிறுவனத்துக்கு உள்ளே. சூழல் வெறும் பின்னணித் திரை. யாழ்ப்பாணத்து வணிக வரலாற்றை இவ்வாறு எழுத முடியுமா?

சின்னவெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் எடுத்துக்கொள்ளலாம். 1970இல் ஆட்சிக்கு வந்த அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெங்காயமும் மிளகாயும் உள்நாட்டிலேயே விளைய வேண்டியவையாயின. குடாநாட்டின் செம்மண் நிலமும், கிணற்று நீரும், நீரிறைக்கும் இயந்திரமும், புகையிலைச் செய்கையாற் பழகிய உழைப்பும் ஒன்றுகூடின. விலை உயர்ந்தது. சுன்னாகம் முதலிய சந்தைகளிலிருந்து புறக்கோட்டைக்கு லொறிகள் சென்றன. கல்வீடுகள் எழுந்தன. சீதனத் தொகைகளும் உயர்ந்தன என்று அக்காலத்தை நினைவுகூர்வோர் சொல்வதுண்டு. 1977இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. விலை வீழ்ந்தது. கடன் வாங்கிப் பயிரிட்டவன் கடனோடு நின்றான்.

இதனை விடய ஆய்வாக எழுதப் புகுவோர் முதற்கண் எதிர்நோக்கும் இடர் கதாநாயகன் யார் என்பதாகும். தோட்டக்காரன் பிழையான தீர்மானம் எதனையும் எடுக்கவில்லை. கிடைத்த விலைக்கு ஏற்பப் பயிரிட்டான். அதுவே பாடநூல் கூறும் அறிவார்ந்த நடத்தை. அவனுடைய பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகியவற்றை 1976ஆம் ஆண்டில் அட்டவணைப்படுத்தியிருந்தால், அச்சுறுத்தல் என்ற கட்டத்திலே பூச்சிநோயும் மழைப் பிழைப்பும் இருந்திருக்கும். கொழும்பிலே நிகழவிருந்த தேர்தல் இருந்திருக்குமா என்பது ஐயம். சூழலே இங்கே கதைப்பின்னல். முகாமையாளனின் அறையிலிருந்து இக்கதையைச் சொல்ல இயலாது. 1990 முதல் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் கீழ், எரிபொருளும் மின்கலமும் உரமும் சீமெந்தும் தடைப்பட்ட ஊரிற் கடை நடத்தியவனின் கதையையும் அவ்வாறு சொல்ல இயலாது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அதன் காரணத்தைச் சந்தைப்படுத்தலின் நான்கு கூறுகளுள் எதிலும் தேடிப் பயனில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வணிகரின் கடைகளது ஐந்தொகையை முடிக்கும் முறையையும் கணக்கீட்டு நூல்கள் கூறா.

மண்வாசனை என்னும் சொல்லை 1960களின் ஈழத்து இலக்கிய விவாதங்கள் எத்துணை தேய்த்துப் பயன்படுத்தின என்பது யாவரும் அறிந்ததே. தேசிய இலக்கியக் குரல் எழுந்த அக்காலத்தில் நாவலிடமும் சிறுகதையிடமும் கேட்கப்பட்ட கேள்வி, வணிகக் கல்வியின் கதைகளிடம் கேட்கப்படவேயில்லை. அவை அறிவியல் எனக் கருதப்பட்டமையால் தப்பின.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். உலகச் சந்தையில் வேலை தேடும் மாணவன் உலக நிறுவனங்களைத்தானே அறிய வேண்டும். சின்னவெங்காயம் அவனுக்கு எதற்கு? இம்மறுப்பிலே நியாயம் உண்டு. ஆனால், 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் அதே ஆண்டின் பிற்பகுதியில் அத்தடை தளர்த்தப்பட்டதும், 2022 ஏப்ரிலிலே நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியதும், ரூபாவின் பெறுமதி சில வாரங்களிற் சரிந்ததும் உலக நிறுவனங்களுக்கு வேலை செய்தோரையும் விட்டுவைக்கவில்லை. 1977இன் தோட்டக்காரனை வாசித்த மாணவனுக்கு 2022 முற்றிலும் புதிதாக இருந்திராது.

மொழியை ஒதுக்கிவிட்டு இதனைப் பேச முடியாது. உயர்தரத்திலே வணிகப் பிரிவிற் பயிலும் தமிழ் மாணவன் கணக்கீட்டையும் வணிகக் கல்வியையும் பொருளியலையும் தமிழிற் கற்கிறான். ஐந்தொகை, பேரேடு, தேய்மானம், நன்மதிப்பு, முயற்சியாண்மை ஆகிய சொற்கள் அவனுக்கு இயல்பானவை. அவற்றுட் சில அழகிய ஆக்கங்கள். முகாமைத்துவம் என்பது தமிழ்நாட்டார் மேலாண்மை என்பதற்கு இந்நாட்டிலே வழங்கும் சொல் என்பதை அறியாதவரும் அதனை இயல்பாகவே ஆள்கின்றனர். பல்கலைக்கழகத்திலே போதனாமொழி பெரும்பாலும் ஆங்கிலமாகிறது. முதலாண்டில் அம்மாணவன் செய்யும் வேலையிற் பாதி மொழிபெயர்ப்பு வேலை. இது பலமுறை பேசப்பட்ட குறை. இங்கு விரிக்க வேண்டியதில்லை.

பேசப்படாதது இன்னொன்று. அம்மாணவனின் வீட்டிலும் ஊரிலும் வணிகத்துக்கு மூன்றாவதொரு மொழி உண்டு. சீட்டு, கைமாற்று, அடைவு, ஈடு, ஒற்றி, தரகு என்பன அதன் சொற்கள். உயர்தரப் பாடநூலின் தமிழுமன்று, பல்கலைக்கழகத்தின் ஆங்கிலமுமன்று அது. அதற்கு நீண்ட எழுத்து வரலாறும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை ஒற்றியையும் அடைவையும் வாடகையையும் வட்டிக்குக் கொடுக்கும் பணத்தையும் தனித்தனியே வகுத்துக் கூறுகிறது. சீட்டுப் பிடிக்கும் தாய் ஒருத்தி, இருபது பேருடைய நம்பிக்கையையும் காலத்தையும் ஒருங்கே கையாள்கிறாள். முறைசாரா நிதி என்னும் தலைப்பின் கீழ் இரண்டு வரிகளில் அவளைக் கடந்து செல்லும் மகன், தான் அறியாத ஒன்றைக் கற்பதாகவும் அறிந்த ஒன்றை மறப்பதாகவும் ஒரே வேளையில் ஆகிறான். பிரயோகம் எனப்படுவது பெரும்பாலும் இந்த மறதியின் மேலேதான் கட்டப்படுகிறது.

உள்ளகப் பயிற்சி இதனை மாற்றியிருக்க வேண்டும். மாணவன் வகுப்பறையை விட்டு வெளியே வருகிறான். வங்கிக் கிளைக்கோ, கணக்காய்வு நிறுவனத்துக்கோ, நிதிக் கம்பனிக்கோ சில மாதங்கள் செல்கிறான். இறுதியில் ஓர் அறிக்கை எழுதுகிறான். தன் நாட்டின் பொருளாதார வாழ்வை நேரிற் கண்டு எழுதும் முதற் சந்தர்ப்பம் அவனுக்கு இதுவே. ஆனால் அவ்வறிக்கை ஓர் இறுகிய இலக்கிய வகையாகிவிட்டது. நன்றியுரை, நிறுவனத்தின் வரலாறு, தொலைநோக்கு, பணிக்கூற்று, அமைப்புப் படம், பலம் பலவீனம், கற்றுக்கொண்ட திறன்கள், விதப்புரைகள். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அதிற் கையொப்பமிட வேண்டும். மாணவனைப் பற்றி அவர் தரும் கணிப்பு மதிப்பெண்ணோடு சேரும். அத்தகைய அறிக்கையிலே கண்டது எழுதப்படாது. காணலாம் என அனுமதிக்கப்பட்டதே எழுதப்படும். கணினி நேர்த்தியாகப் பயன்படுத்தப்படுகிறது என்றும், ஊழியரிடையே குழுவுணர்வு சிறப்பாக உள்ளது என்றும் அவன் எழுதுகிறான்.

போர் முடிந்த 2009இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நிதிக் கம்பனிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் கிளை பரப்பின. முகாமைத்துவப் பட்டதாரிக்கு ஊரிலேயே கிடைத்த வேலைகளுட் பலவும் இவற்றிலேயே இருந்தன. நுண்கடன் பெரும்பாலும் பெண்களுக்கே வழங்கப்பட்டது. கணவரைப் போரில் இழந்தோர் அவர்களுட் பலர். சிறு குழுவாகச் சேர்ந்து கடன் பெறுதல், ஒருத்தி தவறின் ஏனையோர் பொறுப்பேற்றல், வாராந்தம் தவணை செலுத்துதல் என்பன அதன் முறை. தவணை தவறியபோது ஒரு கடனை அடைக்க மறு கடன் வந்தது. அறவிட வருவோரின் கடுமை பற்றியும், அதனால் நேர்ந்த தற்கொலைகள் பற்றியும் செய்திகள் வெளிவந்தன. பெண்கள் வீதிக்கு வந்து ஆர்ப்பாட்டஞ் செய்தனர். 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்கள் பற்றி அரசு ஒரு நிவாரணத் திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று.

இங்கே விடய ஆய்வின் உருவம் வெறும் கல்விப் பிரச்சினையாக நிற்பதில்லை. அறவீட்டு உத்தியோகத்தனாக மோட்டார் சைக்கிளிற் செல்லும் இளைஞன் பட்டதாரி. படலையடியில் நிற்பவள் அவன் வகுப்புத் தோழனின் தாயாக இருக்கலாம். கிளை முகாமையாளரின் மேசையிலே அவள் ஒரு வீதம். அறவீட்டு வீதம் இம்மாதம் ஏன் குறைந்தது என்பதே அங்குள்ள வினா. பேரேட்டிலே அவள் முதலிற் கடன்பட்டோர், பின்னர் ஐயக்கடன், முடிவில் அறவிட முடியாக் கடன். நான்காண்டுகள் முகாமையாளரின் நாற்காலியிலிருந்து மட்டுமே கதை வாசித்துப் பழகிய இளைஞனுக்கு, படலைக்கு மறுபுறத்திலிருந்து அதே கதையை எண்ணிப் பார்க்கும் பயிற்சி தரப்படவில்லை. அவன் கொடியவன் அல்லன். அவனுக்கும் இலக்குத் தொகை உண்டு. அதை எட்டாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. அவனும் தன் நிறுவனத்தின் கதையிலே பேசாப் பாத்திரமே. மறுதரப்பு கேட்கப்படாமல் முடிக்கப்பட்ட வழக்கொன்றைச் சிலப்பதிகாரம் அறியும். சிலம்பு விற்கச் சென்ற வணிகன் மகன்மீது வந்த அவ்வழக்கிலே, மறுதரப்பு அவைக்கு வந்தபோது காலங் கடந்துவிட்டிருந்தது.

இவ்விடத்தில் ஈழத்து இலக்கியமும் தன் கணக்கை ஒப்புவித்தல் வேண்டும். 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் செல்வாக்கில் எழுந்த கதைகள் மறுதரப்பையே பேசின. கூலியாளும் குத்தகைக்காரனும் தோட்டத் தொழிலாளியும் தம் வாயாற் பேசினர். அது பெருஞ் சாதனை. ஆனால், அக்கதைகளிலே வரும் கடை முதலாளியின் பேரேட்டை எந்த எழுத்தாளன் திறந்து பார்த்தான்? அவர் கொழுத்தவர், நெற்றியில் நீறு, மேசை இழுப்பறையிலே பணம். அவர் புறக்கோட்டையிற் கடனுக்குச் சரக்கெடுக்கிறார் என்பதும், ஊரிற் கடனுக்குக் கொடுக்கிறார் என்பதும், இரண்டுக்கும் நடுவே அவரும் நெரிபடுகிறார் என்பதும் கதைக்குள் வருவது அரிது. சிறிய கடைக்காரனும் பெரிய மொத்த வியாபாரியும் ஒரே முதலாளி என்னும் சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். வர்க்கம் பற்றிப் பேசிய இலக்கியம் வணிகத்தின் இயக்கத்தை அறிய முயலவில்லை என்பது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். முற்றிலும் பிழையெனக் கூறுதல் கடினம். விடய ஆய்வு அறிந்த பாதியை இக்கதைகள் அறியா. இக்கதைகள் அறிந்த பாதியை விடய ஆய்வு அறியாது. இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களிலே கற்பிக்கப்படுகின்றன.

இரண்டையும் ஒருங்கே தன்னுட் கொண்ட ஓர் உதாரணம் இலக்கிய மாணவர் கண்முன்னேயே உள்ளது. 1966 ஆகஸ்டிலே மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, யாழ்ப்பாண நகரிலே சிகையலங்கார நிலையம் நடத்தியவர். அச்சஞ்சிகை நான்கு தசாப்தங்களுக்கு மேல் வெளிவந்தது. அதன் இலக்கியப் பங்களிப்புப் பற்றி ஆய்வேடுகள் உள. அது எவ்வாறு உயிர்வாழ்ந்தது என்பது பற்றி அத்துணை ஆராயப்படவில்லை. தாள் எங்கிருந்து வந்தது? அச்சுக்கோப்பவருக்குக் கூலி எவ்வளவு? ஆசிரியரே பிரதிகளைச் சுமந்து சென்று கைக்குக் கை விற்றார் என்பது இலக்கிய உலகிலே வியப்போடு சொல்லப்படும் செய்தி. வணிக மாணவனுக்கு அது விநியோகச் செலவு பற்றிய ஒரு தீர்மானம். சலூனின் வருவாய் சஞ்சிகைக்கு எந்த அளவு ஈடுகொடுத்தது என்பது மூலதனம் பற்றிய வினா. சாதியின் பெயரால் இழிவு கண்ட ஒருவர் தம் தொழிற்கூடத்தையே இலக்கியக் களமாக்கியமை சமூகம் பற்றிய வினா. எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம் என்னும் அவரது தன்வரலாற்றை முகாமைத்துவ மாணவர் வாசிப்பரேல், எந்த முயற்சியாண்மைப் பாடநூலிலும் காணாத ஒரு முயற்சியாளரைக் காண்பர்.

1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு தென்னிந்திய வணிக சஞ்சிகைகளின் வருகையையும் குறைத்தது. உள்நாட்டு எழுத்துக்கு வாசகர் பெருகினர். வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. 1977இன் பின்னர் சஞ்சிகைகள் மீண்டும் வந்து குவிந்தன. வெங்காயத்துக்கு நேர்ந்தது புத்தகத்துக்கும் நேர்ந்தது. இலக்கிய வரலாற்றாசிரியர் இதனை ஈழத்து நாவலின் எழுச்சியும் தளர்ச்சியும் என எழுதுவர். பொருளியலார் இறக்குமதிப் பதிலீடு என எழுதுவர். ஒரே வர்த்தமானி அறிவித்தலின் இரு பக்கங்கள் இவை என்பதை எடுத்துக்காட்டும் பாடம் எந்தப் பீடத்துக்குரியது?

செய்யத்தக்கது பெரிதன்று. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒலுவிலிலோ இறுதியாண்டு மாணவன் எழுதும் பயிற்சி அறிக்கையோடு இன்னொரு பத்துப் பக்கங்கள் சேர்க்கப்படலாம். தான் பணியாற்றிய நிறுவனம் யாரோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறதோ அவருள் ஒருவரின் நிலையிலிருந்து, அவருடைய சொற்களிலே, தமிழில் எழுதப்படும் பத்துப் பக்கங்கள். கடன்பெற்ற பெண், சரக்குக் கொடுக்கும் தோட்டக்காரன், நாட்கூலிக்கு மூடை இறக்குபவன் என எவராயினும் ஆகுக. அவருடைய வரவு செலவும் அதிலே இருத்தல் வேண்டும், இரங்கலுரை வேண்டா. அதனை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் பார்க்க வேண்டியதில்லை. தமிழ்த்துறை விரிவுரையாளர் ஒருவரும் கணக்கீட்டு விரிவுரையாளர் ஒருவரும் சேர்ந்து மதிப்பிடலாம். நிறுவனங்கள் இதற்கு இணங்கா, மாணவரை ஏற்க மறுக்கும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும், பெயரையும் ஊரையும் தொகையையும் மாற்றி எழுதும் வழக்கம் விடய ஆய்வுக்குப் புதிதன்று; நிறுவனங்களின் நலன் கருதி அவ்வழக்கம் ஹார்வர்டிலும் உண்டு.